பிள்ளைகளுக்கு வாசிப்பின் வாசலைத் திறந்த வாண்டுமாமா

தமிழிலக்கிய வரலாற்று நூல்களைப் புரட்டுவோர் ஒன்றைக் கவனித்திருப்பர். சங்கப் புலவர்க்குத் தனி இயல் உண்டு. காப்பியப் புலவர்க்கும் சிற்றிலக்கியப் புலவர்க்கும் தனித்தனி இயல்கள் உண்டு. நாவலாசிரியர்க்கும் சிறுகதையாசிரியர்க்கும் பக்கங்கள் தாராளமாக ஒதுக்கப்பெறும். நூலின் கடைசி இயலில், கடைசிக்கு முந்தைய பத்தியில், ‘குழந்தை இலக்கியம்’ என்றொரு சிறு தலைப்பு தென்படும். அதன்கீழ் ஐந்தாறு பெயர்கள் வரிசையாக நிற்கும். அவ்வளவே.

இத்தனை இயல்களையும் படிக்க வந்தவர் முதன்முதலில் தமிழை விரும்பிப் படித்தது எப்போது? எதைப் படித்தார்? தேர்வுக்காகவன்றி, ஆசிரியரின் பிரம்புக்கு அஞ்சியுமன்றி, விளக்கை அணைக்கச் சொல்லும் தாயிடம் ‘இன்னும் ஒரு பக்கம்’ என்று கெஞ்சிப் படித்த நூல் எது? நம் தலைமுறையில் பலரைக் கேட்டால், அவர்கள் கூறும் பெயர்களுள் ஒன்று ‘வாண்டுமாமா’ என்பதாகவே இருக்கும். வாசலைத் திறந்துவிட்டவரை வாசலிலேயே நிறுத்திவிட்டு, மற்றவரையெல்லாம் உள்ளே அழைத்து விருந்து வைத்தது நம் இலக்கிய வரலாறு. அப்பெரியவரின் வாழ்வையும் பணியையும், அவற்றால் நம் வீட்டுப் பிள்ளைகள் பெற்ற பயனையும், அதில் நமக்குள்ள கடமையையும் இக்கட்டுரையில் எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

அரிமளத்திலிருந்து

வாண்டுமாமாவின் இயற்பெயர் வி. கிருஷ்ணமூர்த்தி. 1925-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் புதுக்கோட்டைச் சீமையைச் சேர்ந்த அரிமளத்தில் பிறந்தார். புதுக்கோட்டை அந்நாளில் மன்னராட்சிக்கு உட்பட்ட தனி அரசு. இளமையில் அவர் உள்ளம் ஓவியத்தின்பால் சென்றது. அக்காலத்தில் ஆனந்த விகடனின் பக்கங்களைத் தம் கோடுகளால் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த ஓவியர் மாலியிடம் அவருக்குப் பெருமதிப்பு இருந்தது. ‘வாண்டுமாமா’ என்னும் பெயரைச் சூட்டியவரும் அந்த மாலியே.

வாண்டு என்பது குறும்பு செய்யும் சின்னஞ்சிறு பிள்ளையைக் குறிக்கும் பேச்சு வழக்குச் சொல். மாமா என்பதோ தமிழ்க் குடும்பங்களில் உரிமையோடு தோளில் ஏறி அமரத்தக்க உறவு. தந்தையிடம் அச்சம் உண்டு, ஆசிரியரிடம் அதைவிட மிகுதியான அச்சம் உண்டு, மாமாவிடம் அச்சமில்லை. எழுதுகிறவர்க்கும் படிக்கின்ற பிள்ளைக்கும் இடையே என்ன உறவு இருக்கவேண்டும் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. பெரியவர்களுக்காக எழுதும்போது அவர் ‘கௌசிகன்’ என்ற பெயரைக் கைக்கொண்டார். ஆயினும் தமிழ்நாடு அவரை நினைவில் வைத்திருப்பது மாமாவாகத்தான்.

பல இதழ்களில் பணியாற்றிய பின் ‘கல்கி’ நிறுவனத்தில் நெடுங்காலம் உழைத்தார். 1941-இல் கல்கி இதழைத் தொடங்கிய ஆசிரியர் கல்கியின் இயற்பெயரும் கிருஷ்ணமூர்த்தி என்பதே. ஒருவர் தொடர்கதையால் பெரியவர்களை வாரந்தோறும் காத்திருக்க வைத்தார். மற்றவர் அதே இதழின் பக்கங்களில் பிள்ளைகளைக் காத்திருக்க வைத்தார். 1972-இல் அந்நிறுவனம் சிறுவர்க்கென்றே ‘கோகுலம்’ என்னும் மாத இதழைத் தொடங்கியபோது, அதனை உருவாக்கி வளர்த்ததில் வாண்டுமாமாவின் பங்கு பெரிது. பின்னர் எண்பதுகளின் நடுப்பகுதியில் ‘பூந்தளிர்’ இதழின் ஆசிரியப் பொறுப்பேற்றார். சுப்பாண்டி, வேட்டைக்கார வேம்பு, காக்கை காளி, கபிஷ் என்று இன்றைக்கு ஐம்பதை நெருங்குவோர் முகமலர்ந்து கூறும் பெயர்களெல்லாம் பூந்தளிரின் வழியாகவே தமிழ்ப் பிள்ளைகளின் இல்லங்களுக்குள் நுழைந்தன.

அவர் எழுதிய நூல்களின் எண்ணிக்கை 160-ஐத் தாண்டும் என்பர். கதைகள், சித்திரக் கதைகள், அறிவியற் செய்திகள், பொது அறிவுக் களஞ்சியங்கள் எனப் பல துறைகளிலும் அவர் கை சென்றது. தம் வாழ்க்கையைத் தாமே எழுதியபோது அந்நூலுக்கு அவர் வைத்த பெயர் ‘எதிர்நீச்சல்’. அந்தப் பெயர் ஒன்றே போதும். குழந்தைகளுக்காக எழுதியே வாழ்நாளைக் கழிப்பது தமிழ்நாட்டில் எத்தகைய வாழ்வு என்பதை அது சொல்லிவிடும்.

காலம் தந்த வாசகர்

அவர் எழுத வந்த காலத்தையும் சிறிது நோக்கவேண்டும். 1947-இல் ‘அம்புலிமாமா’ வெளிவந்தது. 1948-இல் தமிழ்வாணனின் ‘கல்கண்டு’ வந்தது. 1950-இல் ‘கண்ணன்’ இதழ் தோன்றியது. அதே ஆண்டில் அழ. வள்ளியப்பா குழந்தை எழுத்தாளர் சங்கத்தை நிறுவினார். பூவண்ணன் முதலியோர் நெடுங்கதைகள் எழுதினர். பெரியசாமித் தூரனைத் தலைமை ஆசிரியராகக் கொண்டு குழந்தைகளுக்கெனப் பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியமே வெளிவந்தது.

இத்தனையும் ஒரே காலத்தில் நிகழ்ந்ததற்குக் காரணம் உண்டு. விடுதலைக்குப் பின், சிறப்பாக 1954 முதல் 1963 வரை காமராசர் முதலமைச்சராக விளங்கிய ஆண்டுகளில், சிற்றூர்தோறும் பள்ளிகள் எழுந்தன, பகலுணவும் வந்தது. தந்தை கைநாட்டு வைத்த வீடுகளில் முதன்முறையாக மகன் எழுத்துக் கூட்டிப் படித்தான். படிக்கக் கற்ற பிள்ளைக்குப் பாடநூல் மட்டும் போதுமா? எழுத்தறிவு என்னும் பசியை அரசு உண்டாக்கியது. அப்பசிக்குச் சோறிட்டவர்கள் இந்தச் சிறுவர் இதழாசிரியர்கள்.

அவர்களுள் பாட்டுக்குப் பெயர்பெற்றவர் வள்ளியப்பா. சாகசக் கதைக்குப் பெயர்பெற்றவருள் முன்வரிசையில் நிற்பவர் வாண்டுமாமா. ‘ஓநாய்க்கோட்டை’, ‘காட்டுச் சிறுவன் கந்தன்’, ‘சிலையைத் தேடி’, ‘மர்ம மாளிகையில் பலே பாலு’ ஆகிய தலைப்புகளைக் கேட்டாலே போதும்: கோட்டை, காடு, தேடல், மாளிகை! பிள்ளையின் கால் வீட்டு வாசற்படியைத் தாண்டிவிடும். செல்லம், வினு போன்ற ஓவியர்களின் கோடுகள் அந்தக் காட்டையும் கோட்டையையும் கண்முன் நிறுத்தின.

சாகசக் கதை எழுதுவது எளிதென எண்ணுவோர் ஒரு முறை எழுதிப் பார்க்கட்டும். முதலாவதாக, பெரியவர்களைக் கதையிலிருந்து சற்றே விலக்கி நிறுத்தவேண்டும். தந்தை பக்கத்தில் இருந்தால் பிள்ளை எதற்காகத் துணிய வேண்டும்? இரண்டாவதாக, ஆபத்து மெய்யானதாகத் தோன்ற வேண்டும். ஆயினும் படிக்கும் பிள்ளை இரவில் அலறி எழுந்துவிடக் கூடாது. மூன்றாவதாக, சொற்றொடர் குறுகியதாக இருக்கவேண்டும். பத்து வயதுப் பிள்ளை மூச்சுவிடாமல் படிக்கத்தக்க அளவில் நிற்கவேண்டும். நான்காவதாக, ஒவ்வோர் இதழின் முடிவிலும் ஒரு முடிச்சு விழவேண்டும். அடுத்த இதழ் வரும்வரை பிள்ளை அந்த முடிச்சைத் தானே அவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இவையெல்லாம் கைவந்த பின்பே நீதி, அறம், நாட்டுப்பற்று முதலியவை. நீதியை முதலில் வைத்துக் கதையைப் பின்னால் வைத்த நூல்களைப் பிள்ளைகள் தொடுவதில்லை. இந்த வரிசையை வாண்டுமாமா நன்கறிந்திருந்தார்.

தாம்பரத்துப் பிள்ளைகள்

இனி நம் ஊருக்கு வருவோம். நம் அத்தா தஞ்சைச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடித் தாம்பரத்திற்கு வந்தபோது நமக்குப் பத்து வயது. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931-இல் தொடங்கிய மின்தொடர்வண்டி அப்போதும் குறுகிய மீட்டர் பாதையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய ஊர்கள் வளர்ந்ததே அந்த வண்டியை நம்பித்தான். காலையில் நகருக்குச் சென்று மாலையில் திரும்பும் தந்தையரின் கையில் ஒரு சாப்பாட்டுத் தூக்கும், மாதத் தொடக்கமாயின் நிலையத்துப் புத்தகக் கடையில் வாங்கிய சிறுவர் இதழும் இருக்கும். நம் அத்தா எழுத்தறிவு மிகுதியாக இல்லாதவர். எனினும் பூந்தளிர் வரும் நாளை எங்களைவிட நன்றாக நினைவில் வைத்திருப்பார். இதழைக் கையில் கொடுத்து, “சத்தமாப் படிங்க, நானும் கேட்கிறேன்” என்பார். கதை கேட்கும் ஆசையால் சொன்னாரா, எங்களைப் படிக்கவைக்கும் தந்திரமாகச் சொன்னாரா என்பது இன்றளவும் நமக்குப் புலப்படவில்லை.

அந்தக் கதைகளைப் படித்தபின் எங்கள் ஊர் எங்களுக்கு வேறு ஊராகத் தோன்றியது. 1937-இல் நகரிலிருந்து தாம்பரத்திற்குக் குடியேறிய கிறித்தவக் கல்லூரியின் 365 ஏக்கர் வளாகத்தில் புதர்க்காடும் புள்ளிமான்களும் உண்டு. அதற்குமுன் அது எங்களுக்கு வேலிக்கு அப்பாலுள்ள கல்லூரி மட்டுமே. அதன்பின் அது காட்டுச் சிறுவன் வாழும் காடாயிற்று. வண்டலூரில் 1985-இல் உயிரியல் பூங்கா திறக்கப்பட்டபோது, கம்பிக்குள் இருந்த புலியைவிடக் கம்பிக்கு வெளியே இருந்த குன்றுகளையே நாங்கள் மிகுதியாக உற்றுநோக்கினோம். எந்தப் பாறைக்குப் பின்னே எந்தக் குகை இருக்குமோ!

இதனைப் பிள்ளைத்தனம் என்று தள்ளிவிடுவதற்கில்லை. இப்பகுதியின் மெய்யான வரலாறே ஒரு சாகசக் கதைதான். 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் பரங்கிமலையின் அடியில் லாம்டன் என்னும் படைத்தளபதி சங்கிலியை நீட்டி அளக்கத் தொடங்கிய அடிக்கோடு ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுடையது. இந்தியத் துணைக்கண்டம் முழுவதையும் இமயம்வரை அளந்த மாபெரும் நில அளவைக்குக் கால்கோள் அதுவே. 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் பல்லாவரத்தில் செம்மண் சரளைக் குழியருகே ராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியலாளர் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். அது பழைய கற்கால மனிதன் செதுக்கிய கைக்கோடரி! இந்நாட்டில் மனித வாழ்வின் தொன்மையைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அந்த ஒரு கல்லே கதவைத் திறந்தது.

அந்தச் சரளைக் குழியின் வழியே அதற்குமுன் எத்தனை பேர் நடந்திருப்பர்! எல்லார் காலிலும் கல் இடறியிருக்கும். குனிந்து நோக்க வேண்டும் என்று தோன்றியது ஒருவருக்கே. சாகசக் கதை பிள்ளைக்குக் கற்பிப்பது இந்தக் குனிந்து நோக்கும் பழக்கத்தையே. ‘இங்கே ஏதோ இருக்கிறது, தேடிப் பார்’ என்று அது காதருகே சொல்லிக்கொண்டே இருக்கிறது.

கதை பொய்யாகுமா?

நம் குடும்பங்களில் இவ்விடத்தே ஒரு கேள்வி எழும். நடவாததை நடந்ததாக எழுதுவது பொய்யன்றோ? மந்திரவாதியும் மாயக்கோட்டையும் நிறைந்த நூலை ஓதும் பிள்ளையின் கையில் கொடுப்பது தகுமா? இக்கேள்வியை நாம் எளிதாகக் கொள்ளவில்லை. மத்ரஸாவில் ஓதி முடித்து ஆசிரியப் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில், நாமே அக்கேள்வியின் பக்கம் நின்று வாதாடியவர்கள்தாம். சிறுவயதில் விரும்பிப் படித்ததையெல்லாம் ஏதோ மறைக்கத்தக்க பிழைபோல எண்ணிக்கொண்டிருந்தோம்.

நம் எண்ணத்தை அசைத்தது ஓர் அரபு நூல். மத்ரஸாக்களில் அரபு இலக்கியம் ஓதுவோர் அனைவரும் பஸராவின் பேரறிஞர் ஹரீரியின் ‘மகாமாத்’ நூலை அறிவர். 1054-இல் பிறந்து 1122-இல் மறைந்த அவர், அபூ ஸைத் என்னும் கதைமாந்தன் ஊர் ஊராகத் திரிந்து, வேடம் மாற்றி, சொல்வன்மையால் மக்களை மயக்கிப் பொருள் பெறும் ஐம்பது நிகழ்ச்சிகளைப் புனைந்தார். அபூ ஸைதும் அவன் கதையை எடுத்துரைக்கும் ஹாரிஸும் கற்பனை மாந்தர்களே. இதனைக் குறைகூறுவோர் உண்டென அறிந்திருந்த ஹரீரி, நூலின் முன்னுரையிலேயே அவர்களுக்கு விடை கூறிவிடுகிறார். வாயில்லா விலங்குகள் பேசுவதாகச் சொல்லப்பட்ட கதைகளை அறிஞர் யாரும் வெறுத்து ஒதுக்கவில்லையே என்பதும், செயலை எடைபோட எண்ணத்தையே நோக்கவேண்டும் என்பதும் அவர் வாதத்தின் சாரம். இப்பாடத்தைப் பல ஆண்டுகள் மாணவர்க்கு நடத்தியும், அது நம்மை நோக்கியும் சொல்லப்பட்டது என்பது நமக்கு நெடுநாள் உறைக்கவில்லை!

அந்தலூஸியாவின் மருத்துவரும் மெய்யியலாளருமான இப்னு துஃபைல் 1185-இல் மறைந்தார். அவர் எழுதிய ‘ஹை இப்னு யக்ளான்’ என்னும் நூலில், ஆளற்ற தீவொன்றில் மான் பாலூட்டி வளர்த்த பிள்ளை, யாருடைய துணையுமின்றித் தன் கண்ணாலும் கையாலும் அறிவாலும் உலகை ஆராய்ந்து, இறுதியில் படைத்தவனை உணர்கிறான். இந்நூல் 1671-இல் இலத்தீனிலும், 1708-இல் அரபு மூலத்திலிருந்தே ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டது. தனித்தீவில் வாழும் ராபின்சன் குரூசோவின் கதையை டீஃபோ வெளியிட்டது 1719-இல். முன்னதன் தாக்கம் பின்னதில் உண்டென ஆய்வாளர் சிலர் கருதுவர். அதை ஆய்வாளர்க்கே விட்டுவிடுவோம். தனித்து நிற்கும் பிள்ளை தன் அறிவைத் துணைக்கொண்டு வெல்லும் கதை நம் மரபுக்குப் புதிதன்று என்பதை நாம் அறிந்தால் போதும்.

எகிப்தில் காமில் கீலானி என்றோர் அறிஞர் இருந்தார். 1897-இல் பிறந்து 1959-இல் மறைந்த அவரை அரபுக் குழந்தை இலக்கியத்தின் முன்னோடி என்பர். 1927-இல் கடலோடி சிந்துபாதின் கதையைச் சிறுவர்க்கென எழுதித் தொடங்கிய அவர், ஹை இப்னு யக்ளானையும் குரூசோவையும் பிள்ளைகள் மொழியில் எழுதிக் கொடுத்தார். பிழையற்ற நல்ல அரபு, கதையின் வழியே பிள்ளையின் நாவில் ஏறவேண்டும் என்பதே அவர் நோக்கம். கெய்ரோவில் கீலானி செய்ததற்கும் சென்னையில் வாண்டுமாமா செய்ததற்கும் நோக்கத்தில் பெரிய வேறுபாடில்லை.

நம் பெட்டகத்தில் இருந்தது

தமிழ் முஸ்லிம்களாகிய நம்மிடம் சாகசக் கதைகள் இல்லாமலா இருந்தன? கிஸ்ஸா என்றும் படைப்போர் என்றும் நம் புலவர்கள் தனித்த இலக்கிய வகைகளையே படைத்தார்கள். இரவில் விளக்கைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் ராகமிட்டுப் படிக்க, வீடே கேட்டிருந்த காலம் உண்டு. சைத்தூன் கிஸ்ஸாவில் முகம்மது ஹனீபாவின் வீரம் வரும் இடத்தில் உறங்கிய பிள்ளைகளும் எழுந்து உட்காருவர் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

உரைநடையிலும் நாம் பின்தங்கியிருக்கவில்லை. தமிழின் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சேறியது 1879-இல். ஆறே ஆண்டுகள் கழித்து, 1885-இல், இலங்கைக் கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞரும் ‘முஸ்லிம் நேசன்’ இதழின் நிறுவனருமான அறிஞர் சித்திலெப்பை ‘அசன்பே சரித்திரம்’ நாவலை வெளியிட்டார். மிசுறு நாட்டுப் பெருங்குடியில் பிறந்த குழந்தை கடத்திச் செல்லப்பட்டு, பம்பாயில் வளர்ந்து, பல இடர்களைக் கடந்து, இறுதியில் தன் பெற்றோரைச் சேர்வதே கதை. கப்பல், கடத்தல், மறைவு, தேடல், மீட்சி எனச் சாகசக் கதைக்கு வேண்டியவை யாவும் அதில் உள்ளன. தமிழ் நாவலின் விடியற்காலத்திலேயே நம்மவர் ஒருவர் இதனைச் செய்தார்.

அவ்வழி ஏன் தொடரவில்லை? கிஸ்ஸாக்கள் பெட்டகத்திற்குள் சென்றன. அசன்பே ஆய்வாளர் மேசைக்குச் சென்றான். பிள்ளைகளுக்கு நாம் கொடுத்தவை பெரும்பாலும் வினாவிடை நூல்களும் அறிவுரை நூல்களுமே. அவை வேண்டியவை, ஐயமில்லை. ஆனால் அறிவுரை மட்டுமே உண்டு வளரும் பிள்ளை இவ்வுலகில் எங்கேனும் உண்டா? அவன் கதைக்காகப் பக்கத்து வீட்டு வாசலுக்குச் சென்றான். அங்கே வாண்டுமாமா இருந்தார். அவன் பெயரையும் ஊரையும் கேளாமல் பக்கத்தில் அமர்த்திக் கதை சொன்னார்.

அவர் கதைகளில் குறையே இல்லையென நாம் சொல்லவரவில்லை. நாம் படித்தவற்றுள் துணிந்து முன்செல்வோர் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளே. மாயமும் மந்திரமும் சிலவிடத்து அளவுக்கு மிஞ்சியே வருகின்றன. நம் தெருவில் ஓடியாடும் ஓர் அப்துல் காதரோ, ஓர் ஆயிஷாவோ கதைத்தலைமை ஏற்று நின்றதை நாம் கண்டதில்லை. ஆயினும் இக்கடைசிக் குறையை அவர்மேல் ஏற்றுவது முறையாகாது. நம் வீட்டுப் பிள்ளையைக் கதைத்தலைவனாக்கி எழுதவேண்டியவர் யார்? நாமன்றோ?

திருப்பிக் கொடுத்த புத்தகம்

இக்கட்டுரை எழுத நேர்ந்த காரணத்தை இனிச் சொல்லியாக வேண்டும். 2014-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு மாலை, நம் மத்ரஸா வகுப்பில் ஒரு சிறுவன் ரிஹாலின் மறைவில் ஏதோ ஒரு புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். ஓதவேண்டிய நேரத்தில் கதைப்புத்தகம்! நாம் அதைப் பிடுங்கிக்கொண்டோம், கடுமையாகவும் பேசிவிட்டோம். அட்டை கிழிந்து, ஓரம் நைந்த வாண்டுமாமாவின் கதைநூல் அது. பிள்ளை அழவில்லை. வகுப்பு முடிந்ததும் எல்லாரும் சென்றபின் வந்து நின்றான். “ஹஜ்ரத், அது என் அத்தாவோட புத்தகம். அவங்க சின்ன வயசுல படிச்சது. சவூதிக்குப் போகும்போது, படிச்சு முடிச்சுட்டு போன்ல கதை சொல்லணும்னு சொல்லிட்டுப் போனாங்க” என்றான்.

நமக்குப் பேச்செழவில்லை. அந்தப் பிள்ளைக்கும் கடல் கடந்து உழைக்கும் அவன் தந்தைக்கும் இடையே ஒரு கதைநூல் பாலமாகக் கிடந்தது. அதை நாம் பறித்து மேசை இழுப்பறையில் போட்டிருந்தோம். ‘சத்தமாப் படிங்க, நானும் கேட்கிறேன்’ என்ற நம் அத்தாவின் குரல் அன்றிரவு காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. அந்நூலை எடுத்து முதலிலிருந்து படித்தோம். மறுநாள் அதற்கு அட்டை போட்டு, பிள்ளையின் கையில் கொடுத்து, ஆசிரியர் மாணவனிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டிய முறையில் வருத்தமும் தெரிவித்தோம். “ஓதுகிற நேரத்துல மட்டும் வேண்டாம், முடிஞ்சதும் ஒரு பக்கம் நீ படி, எல்லாரும் கேட்போம்” என்றோம். அன்றுமுதல் வாரத்தில் ஒருநாள் வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் கதைநேரமாயிற்று. பள்ளியில் ஆங்கில வழியில் பயின்று, தமிழை எழுத்துக் கூட்டிப் படித்த பிள்ளைகள் சில மாதங்களில் தடையின்றிப் படிக்கத் தொடங்கியதை நாம் கண்ணாரக் கண்டோம்.

அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஒருநாள் அதே சிறுவன் ஓடிவந்தான். “ஹஜ்ரத், வாண்டுமாமா இறந்துட்டாங்களாம்” என்றான். 2014 ஜூன் 12 அன்று சென்னையில் தமது 89-ஆம் வயதில் அவர் மறைந்திருந்தார். தம் கடைசி வாசகன் ஒருவன் தாம்பரத்து மத்ரஸா ஒன்றில் உட்கார்ந்து, நெருங்கிய உறவினரை இழந்தவன்போல முகம் வாடி நின்றதை அப்பெரியவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. விருதுகளைவிட அந்த வாடிய முகம் பெரிதென நமக்குத் தோன்றியது.

நம் கடமை

அவருக்குப் பின் நிலைமை மேலும் மாறிவிட்டது. அம்புலிமாமா 2013-இல் நின்றது. கோகுலத்தின் அச்சிதழ் 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் நின்றுபோயிற்று. பூந்தளிர் அதற்கும் பல ஆண்டுகள் முன்பே நின்றுவிட்டது. நிலையத்துக் கடைகளில் இன்று தண்ணீர்ப் போத்தல் அடுக்கியிருக்கும் இடத்தில், முன்பு சிறுவர் இதழ்கள் தொங்கிக்கொண்டிருந்தன. பிள்ளைகளின் கையில் கைப்பேசி இருக்கிறது; அதில் சாகசங்கள் நொடிக்கொன்றாக ஓடுகின்றன. ஆனால் அவற்றில் முடிச்சை அவிழ்ப்பது கருவியே. பிள்ளை பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறான். வாசிக்கும் பிள்ளையோ கோட்டையைத் தானே கட்டுகிறான்; குகையைத் தானே இருட்டாக்குகிறான்; விளக்கையும் தானே ஏற்றுகிறான்.

ஆகவே, நம் குடும்பத்துப் பெரியோர்களிடம் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். முதலாவது, வீட்டுப் பரணில் பழைய சிறுவர் நூல்களும் இதழ்களும் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தூசி தட்டிப் பேரப்பிள்ளைகளின் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். இரண்டாவது, பிள்ளையைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி நீங்கள் கேளுங்கள். அடுப்படியில் நிற்கும் தாயும் கேட்கட்டும். கடல் கடந்திருக்கும் தந்தையும் தொலைபேசியில் கேட்கட்டும். மூன்றாவது, எழுதத் தெரிந்த இளைஞர்கள் எழுதுங்கள். பல்லாவரத்துக் குன்றில் ஒரு விசித்திரக் கல்லைக் கண்டெடுக்கும் ஆயிஷாவைப் பற்றியும், கீழக்கரைத் தோணியில் ஏறிச்சென்று வழிதவறும் காதரைப் பற்றியும் எழுதுங்கள். கிஸ்ஸா பாடிய பரம்பரைக்கும் அசன்பேயைப் படைத்த மரபுக்கும் அது இயலாததன்று.

அந்தச் சிறுவன் இன்று கல்லூரி முடித்து வேலைக்குச் செல்கிறான். அந்த நூல் இன்னும் அவன் வீட்டில் இருக்கிறது. நாம் போட்ட அட்டையும் கிழிந்துவிட்டதாம். புது அட்டை போட்டுத் தருமாறு சென்ற மாதம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான், போட்டு வைத்திருக்கிறோம்.